பாஞ்சாலியின் இடம்

புங்கன்கொட்டாய்ச் சந்தை
15.7.2025, செவ்வாய்

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

நசீம் அக்கா எழுதுவது. நானும் பாயும் மகள் மெஹக்கும் சுகம். நீ சுகமா என்று ஊரில் ஆளாளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேனே தவிர உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கூப்பிட்டால் கம்பெனி கேன்டீன் சமையலறைக்குள் போன் கூடாது என்கிறாய். வெளியே வந்து நீயே கூப்பிட்டாலும் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டாச்சு, அப்புறம், வேற ஒண்ணும் இல்ல, வச்சிடவா. பத்தொன்பது வருசம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ தக்காளியும் கீரையும் நான் வளையலும் விற்று, வாய் ஓயாமல் பேசியவர்களுக்கு இதுவா பேச்சு. அதனால்தான் மெஹக்கின் பழைய நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு வந்து சந்தையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் விடுதியில் இருக்கிற உங்கள் ஊர் ஐஸ்வர்யா லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புவேன். பதிலை அவளிடமே கொடு.

உன் இடம் பத்திரமாக இருக்கிறது. மூன்று சந்தை சாக்கு விரிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்பதுதானே நம் வழக்கம். அந்தப் பேச்சே வரக்கூடாது என்று வாராவாரம் முதலில் உன் சாக்கை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுத்தான் என் வளையல் பெட்டியைத் திறக்கிறேன். வெறும் சாக்கு செல்லாது, விற்கிற பொருள் ஒன்றாவது மேலே இருக்க வேண்டும் என்றாள் குள்ளம்மாள். கருவாடு விற்கிறவளுக்கு எவ்வளவு சட்டம் தெரிகிறது பார். உன் வீட்டுக்காரர் அர்ச்சுனன் தம்பியிடம் சொன்னேன். உங்கள் வீட்டுக் கூரைமேல் காய்த்ததென்று ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நல்ல கனம். இப்போது அதுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிட அமைதி.

அர்ச்சுனன் தம்பிக்குக் காக்கி உடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. "நீங்க வித்த நிலத்துல வாங்குனவங்க குடோன் கட்டுனா அதுக்கு நீங்களே வாட்ச்மேனா தம்பி" என்று கேலி செய்தேன். "முன்னயும் நான்தானுங்க அந்த நிலத்துக்குக் காவல் இருந்தேன். அப்ப சம்பளம் இல்ல" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சந்தையில் கூட்டம் குறைவு. மத்தியானம் ஆனால் புளியமரத்து நிழல் நம் சாக்கு வரைக்கும் வந்து நிற்கிறது, ஆட்கள் வருவதில்லை. உனக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் புதிதாக வந்திருக்கிறது. ஒரு டஜன் எடுத்து வைத்திருக்கிறேன். வழக்கம்போல உனக்கு மட்டும் ஒன்று கூட. குள்ளம்மாள் இத்தனை வருசமாகச் சண்டை போட்டும் அவளுக்கு நான் அப்படிப் போட்டதில்லை.

பதில் எழுது.

இப்படிக்கு,
நசீம் அக்கா


ஓசூர்
27.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாஞ்சாலி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து மூன்று நாள் படித்தேன். எட்டாம் வகுப்போடு எழுதுவதை விட்டவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாய்க்கு முட்டிவலி எப்படி இருக்கிறது. மெஹக்குக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துவிட்டதா.

இங்கே வேலை கடினம்தான் அக்கா. ஒரு வேளைக்கு நாலாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். ஆவியில் சோறு வேகிறது. மூடியைத் திறந்தால் எதிரில் நிற்கிறவள் மறைந்துபோவாள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப வருவாள். சாப்பிட வருகிற பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி நீல அங்கி, தலையில் வலைத் தொப்பி, வாயில் முகமூடி. கண் மட்டும்தான் தெரியும். நான் சோறு போட்டுக்கொண்டே இவள் இண்டூர், அவள் நல்லம்பள்ளி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். தட்டை நீட்டுகிற விதத்தில் ஊர் தெரிந்துவிடும். அவர்கள் செய்கிற சாமான் கடுகைவிடச் சின்னதாம். நாள் முழுக்க அதைப் பார்த்த கண்ணோடு வந்து சாப்பாட்டை எங்கோ தூரத்தில் இருப்பது போலப் பார்ப்பார்கள். நேற்று ஒரு பெண் தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. ரசம் ஆறிப்போகும்வரை பக்கத்தில் நின்றேன்.

விடுதியில் எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஷிப்ட் எழுந்தால் இன்னொரு ஷிப்ட் படுக்கும். அதனால் பகலிலும் திரைச்சீலை மூடியே இருக்கும். ஐந்து மாடிக் கட்டடத்தில் இதுவரை ஒருவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாரும் ரகசியம்தான் பேசுகிறார்கள். சந்தையில் கத்திக் கத்தி வறண்ட என் தொண்டை இப்போது சும்மா இருக்கிறது. முதலில் அது எனக்கு என்னவோ போல இருந்தது.

வந்த முதல் நாளே வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி உடைந்து சோற்றில் விழுமாம். நியாயம்தான். நீங்கள் போட்டுவிட்ட சிவப்பு வளையல்களை ஒரு துணிப்பையில் போட்டு கட்டில் காலில் கட்டியிருக்கிறேன். யாராவது புரண்டு படுத்தால் அது மெல்லச் சத்தம் போடும்.

லீவு கிடைப்பது சிரமம். கிடைத்தால் வருகிறேன். என் இடத்துக்காக நீங்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம் அக்கா.

இப்படிக்கு,
பாஞ்சாலி


புங்கன்கொட்டாய்ச் சந்தை
12.8.2025, செவ்வாய்

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

சிரமப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் உட்காருவதில் என்ன சிரமம். அதற்கு இப்போது ஊரில் உன் பேர்தான். குள்ளம்மாள் வரும்போதே "என்னா பாஞ்சாலி, சவுக்கியமா" என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் கருவாட்டுக் கூடையை இறக்குகிறாள். போன வாரம் ஒரு நாய் அதன்மேல் தலை வைத்து இரண்டு மணி நேரம் தூங்கியது. யாராவது விலை கேட்டால் இரண்டு மடங்கு சொல்கிறேன். அதற்கும் ஒருத்தர் சரி என்றார். "அது விக்கறதுக்கு இல்லீங்க" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இனி முக்கியமான விசயம். கவனமாகப் படி.

செவ்வாய்க்கிழமை ஊர் காலி. உனக்கே தெரியும், வீட்டுக்கு ஒரு பெண் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள். வாங்குகிற கை எல்லாம் அங்கே. எங்கள் வியாபாரத்துக்கு ஆடும், வெற்றிலை வாங்க வருகிற கிழவர்களும்தான் மிச்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார். பெண்கள் எல்லாம் லீவில் இறங்கி, ஊர் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பாதிப் பேர் தூங்குகிறார்கள், பாதிப் பேர் கையில் சம்பளத்தோடு நடக்கிறார்கள். அதனால் பஞ்சாயத்தில் சந்தையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அக்டோபர் ஐந்தாம் தேதி முதல் ஞாயிறுச் சந்தை. தகரக் கூரை, சிமென்ட் மேடை, மேடைக்கு நம்பர். பழைய ஆட்களுக்கு முதல் உரிமை. ஆனால் சாக்கும் கல்லும் இனிமேல் செல்லாது.

செப்டம்பர் பதினேழு, புதன்கிழமை, காலை பதினோரு மணிக்குக் குலுக்கல். முனிராஜ் என்று சேலத்திலிருந்து புதிதாக வந்திருக்கிற கிளார்க் பேர் வாசிப்பார். வாசித்ததும் அந்த ஆள் எழுந்து நின்று, சந்தைக்குச் சுங்கம் கட்டிய பழைய ரசீதைக் காட்டி, போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நிற்காதவர் பேர் அடிக்கப்படும். இன்னொருவருக்கு மாற்றித்தர முடியாதாம். உன் ரசீது கட்டு என்னிடம்தான் இருக்கிறது. நீ உன் உடம்பைக் கொண்டுவந்தால் போதும்.

என் நிலைமையும் சொல்கிறேன். பாய் இப்போது மெத்தை தைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மெஹக்குக்கு இடம் கிடைத்துவிட்டது, தருமபுரிக்குப் போய்வருகிறாள். வீடு இந்த வளையல் பெட்டியில்தான் நிற்கிறது. எனக்கு மேடை கிடைத்தால் ஞாயிறு வியாபாரத்தில் நிமிர்ந்துவிடுவேன். கிடைக்காவிட்டால் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான். கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். ஆனால் பக்கத்தில் நீ இல்லாமல் வேறு யாரோ உட்கார்ந்தால் நான் யாரோடு முறைத்துக்கொள்வேன்.

அவசியம் வா.

இப்படிக்கு,
நசீம் அக்கா


ஓசூர்
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மெஹக்குக்கு இடம் கிடைத்தது கேட்டு இங்கே பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு கனவு கண்டேன். நம் சந்தை இந்தக் கேன்டீனுக்குள் நடக்கிறது. நீங்கள் வளையல் விற்கிறீர்கள், குள்ளம்மாள் அக்கா கருவாடு வைத்திருக்கிறார், ஆனால் யாருக்கும் குரல் இல்லை. எல்லாரும் வாயைத் திறந்து கூவுகிறார்கள், ஒரு சத்தமும் வரவில்லை. வாங்குகிறவர்கள் நீல அங்கியில் வரிசையாக வந்து, கண்ணாலேயே விலை கேட்டு வாங்கிப் போகிறார்கள். என் சாக்கில் தக்காளி மலை போலக் குவிந்து கிடக்கிறது. ஒன்று எடுத்தால் இரண்டு வருகிறது. எனக்குப் பயமாக இருந்தது. விழித்தபோது மத்தியானம் மூன்று மணி. திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. இது எந்த ஊர் என்று நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

போன வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு கூடைத் தக்காளியை வாங்க ஆளில்லாமல் சந்தைக்குப் பின்னால் பள்ளத்தில் கொட்டினோமே, நினைவிருக்கிறதா. நீங்களும் பெட்டியை மூடிவிட்டு வந்து கூடை தூக்கிக் கொட்டினீர்கள். உங்கள் கையெல்லாம் சிவப்பு. அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் நிலத்தைக் கேட்டு வந்தார்கள், நாங்களும் சரி என்றோம்.

பதினேழாம் தேதிக்கு சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாஞ்சாலி


புங்கன்கொட்டாய்ச் சந்தை
2.9.2025, செவ்வாய்

பாஞ்சாலி,

கேட்டுப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம். ஒரு நாள், ஒரே ஒரு நாள். காலையில் பஸ் ஏறினால் மறுநாள் காலை வேலைக்குத் திரும்பிவிடலாம். ஐஸ்வர்யா மாதம் இரண்டு முறை வருகிறாள். ஆடிப்பெருக்குக்குக்கூட நீ வரவில்லை. உன்னைப் பார்க்க அர்ச்சுனன் தம்பி ஓசூருக்கு வருகிறாராம். நான் அப்படிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வர முடியுமா.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான். ஆனால் பூசணிக்காயை வெயில் படாமல் தள்ளி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினேழாம் தேதி பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் உனக்காக நிற்பேன்.

நசீம் அக்கா


ஓசூர்
13.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஐஸ்வர்யா இன்று மாலை பஸ் ஏறுகிறாள். நாளை உங்கள் கைக்கு வந்துவிடும். குலுக்கலுக்கு முன்னே நீங்கள் படித்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

நான் வரப்போவதில்லை அக்கா.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதலாம். நீங்களும் நம்புவீர்கள். ஆனால் வாரம் ஒரு நாள் எனக்கு ஓய்வு உண்டு. இத்தனை நாள் உங்களிடம் மறைத்தேன். அது புதன்கிழமை. பதினேழாம் தேதியும் புதன்கிழமைதான்.

அந்த ஓய்வு நாளில் நான் என்ன செய்கிறேன் தெரியுமா. தூங்குகிறேன். என் கட்டில் ஜன்னல் ஓரம். யாரும் என்னை எழுப்புவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம், மூன்று மணிக்கு எழுந்து கீரை கட்ட வேண்டாம், தக்காளி இன்றைக்கு என்ன விலை போகும் என்று கணக்குப் போட வேண்டாம். நாற்பத்து நாலு வயதில் முதல் முறையாக எனக்குத் தூக்கம் கிடைத்திருக்கிறது. விழித்தால் சுடச்சுட யாரோ சமைத்த சோறு. சமைக்கிறவள் நான்தான், ஆனால் அன்றைக்கு நான் இல்லை. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது அக்கா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரை விட்டு வந்தவள் அழ வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நீங்களும் எதிர்பார்த்தீர்கள். அதனால் வேலை கடினம் என்று எழுதினேன்.

வந்து நம்பர் வாங்கிவிட்டால் ஒருநாள் திரும்பி வந்து அதில் உட்கார வேண்டியிருக்கும். என்னால் இனிமேல் கூவ முடியாது. என் பேர் வாசித்தால் நீங்கள் பேசாமல் இருங்கள். பேரை அடித்துவிடட்டும். பூசணிக்காயை விற்றுவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த பத்தொன்பது வருசத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இடம் எனக்குப் பிடித்ததே நீங்கள் பக்கத்தில் இருந்ததால்தான்.

மன்னியுங்கள்.

பாஞ்சாலி


பாப்பிரெட்டிப்பட்டி
17.9.2025, புதன், மாலை, வீட்டில்

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

உனக்கு மேடை கிடைத்துவிட்டது. நம்பர் இருபத்து மூன்று. புளியமரத்து நிழல் விழுகிற பக்கம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், சிரிக்கவும் செய், திட்டவும் செய்.

காலை ஒன்பது மணியிலிருந்து வாசலில் நின்றேன். நாலு பஸ் வந்து போயிற்று. ஒவ்வொன்றிலும் பச்சைச் சேலை கட்டி இறங்குகிறவள் எல்லாம் நீயாகத் தெரிந்தாள். ஐஸ்வர்யாவும் இந்த முறை வரவில்லை என்றார்கள். பதினோரு மணிக்கு உள்ளே போய் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதை ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதே. அதை வெளியே விட்டுவர மனம் வரவில்லை.

முனிராஜ் பேர் வாசித்தார். ரோசம்மாள், மாரப்பன் என்று வரிசையாக எழுந்து நின்றார்கள். பிறகு "பாஞ்சாலி, கணவர் அர்ச்சுனன்" என்றார். இரண்டாம் முறை வாசித்தார். நான் எழுந்து, "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க சார், அவங்க பொருள் இருக்குது" என்று சொல்லலாமென்று பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினேன். வாயைத் திறப்பதற்குள் அவர் நிமிர்ந்து, "காய் வந்தா ஆகாதும்மா, ஆள்தான் வரணும். நீங்கதான் பாஞ்சாலியா" என்று கேட்டார். பேனா உன் பேர்மேல் நிற்கிறது, பாஞ்சாலி. ஒரு கோடு இழுத்தால் முடிந்தது.

நான் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு சந்தையே என் முகத்தைப் பார்த்தது. ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை. குள்ளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் ரசீதைக் காட்டினேன், முக்காட்டைச் சரிசெய்யச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள், சீட்டு எடுத்தேன், இருபத்து மூன்று.

ஆறு பேர் கழித்து "நசீம் பானு, கணவர் அப்துல் ஷுக்கூர்" என்று வாசித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எதிரில் உன் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் உன் மேடையும் போகும், என் மேடையும் போகும். இரண்டு முறை வாசித்தார். என் பேரை நானே கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்த மாதிரி நிமிசம் யாருக்கும் வரக்கூடாது. பேனா ஒரு கோடு இழுத்தது. மெல்லிய சத்தம்தான், ஆனால் எனக்குக் கேட்டது.

பாயிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ஊசியை மெத்தையில் குத்தி வைத்தார். பிறகு, "சரி, அந்தம்மா வர்ற வரைக்கும் அந்தம்மா இடத்துல உக்காரு" என்றார். மெஹக்தான் அழுதாள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நீ வந்ததும் அந்த மேடையில் உன் சாமானுக்கு ஓரமாக என் பெட்டியை வைத்துக்கொள்கிறேன். ஆனால் வா.

இப்படிக்கு,
இன்றைக்கு மட்டும் பாஞ்சாலி


பாப்பிரெட்டிப்பட்டி
20.9.2025

பாஞ்சாலி,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஐஸ்வர்யா பஸ்ஸில் தூங்கிப்போய், மஞ்சவாடிக் கணவாய் தாண்டிச் சேலத்தில் போய்க் கண் விழித்தாளாம். அங்கே சித்தி வீட்டில் காய்ச்சலோடு நாலு நாள் படுத்துவிட்டு வந்து, உன் கடிதத்தைக் கொடுத்து அழுதாள். அவளைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தால் திட்ட முடியாது.

படித்தேன். உனக்குத் தூக்கம் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் மனசு வலிக்கிறது. இரண்டும் இருக்கிறது.

பூசணிக்காயை அறுத்துவிட்டேன். இரண்டு மாதம் வெயிலில் கிடந்தும் உள்ளே கெடவில்லை. நல்ல மஞ்சள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தையும் பதினேழாம் தேதி எழுதியதையும் சேர்த்து அனுப்புகிறேன். இனி எழுத எனக்கு விசயம் இல்லை.

நசீம்


ஓசூர்
6.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. அதற்குப் பதில் நானே வந்தேன். நேற்று, முதல் ஞாயிறுச் சந்தைக்கு.

வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக லீவு கேட்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் அது. கிளார்க்கிடம் உண்மையைச் சொல்லி, தப்பு என்னுடையது, மேடையை நசீம் பானு பேருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று காலில் விழுந்தாவது கேட்பது என்றுதான் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு வந்து நிறுத்தினார். "போயிச் சொல்லிடாத. ஆள் மாறாட்டம்னு நம்பரையே ரத்து பண்ணிருவாங்க. பதினோரு பேர் காத்துக்கிட்டு நிக்கறாங்க. உங்கக்காவுக்கு இருக்கறதும் போயிரும்" என்றார். அப்புறம் நான் வந்து என்ன பயன் என்று கேட்டேன். "பாத்துட்டுப் போ" என்றார்.

கேன்டீன் முகமூடி பையில் இருந்தது. போட்டுக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு பத்துப் பெண்கள் சந்தையில் நடந்தார்கள், பதினோராவது ஆளை யார் பார்க்கப்போகிறார்கள். எவ்வளவு கூட்டம் அக்கா. தகரக் கூரைக்குக் கீழே ஒரு மாதிரி வெள்ளை வெளிச்சம். தூக்கக் கலக்கத்தில் நடக்கிற பெண்கள், கையில் பை, காலில் புதுச் செருப்பு. என் கனவில் வந்த சந்தை மாதிரியே இருந்தது, ஆனால் எல்லாருக்கும் குரல் இருந்தது. உங்கள் பழைய இடத்தில் யாரோ செல்போன் கவர் விற்கிறார்.

இருபத்து மூன்றாம் நம்பருக்கு எதிரில் புளியமரத்தடியில் நின்றேன். கிளார்க் கையில் நோட்டோடு மேடை மேடையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்போது குள்ளம்மாள் அக்கா அவருக்குக் கேட்கும்படி, "ஏ பாஞ்சாலி, அம்பது ரூவாய்க்குச் சில்லறை இருக்குதா" என்று கூப்பிட்டார்.

நான் திரும்பினேன். ஆனால் எனக்கு முன்னே நீங்கள் திரும்பிவிட்டீர்கள். "இருக்குது, வாங்கிக்க" என்றீர்கள். கொஞ்சம்கூடத் தடங்கல் இல்லை. கிளார்க் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த மேடைக்குப் போனார். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பேர் அங்கே நன்றாக இருந்தது அக்கா. நான் வைத்திருந்ததைவிடச் சத்தமாக, தைரியமாக இருந்தது.

பிறகு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, பச்சை வளையல் ஒரு டஜன் என்று விரலால் காட்டினேன். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுதிருப்பேன். நீங்கள் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து, கட்டை விரலை உள்ளே மடக்கி, எப்போதும் போல ஒவ்வொன்றாக ஏற்றினீர்கள். பணத்தை நீட்டினேன், வாங்கிப் பெட்டியில் போட்டீர்கள். எனக்கு முன்னால் போட்டுக்கொண்ட பெண்ணிடம் "போயிட்டு வாங்க" என்றீர்கள். என்னிடம் "போயிட்டு வா" என்றீர்கள். அதைத்தான் பஸ்ஸில் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். சின்னப் பெண் என்று நினைத்துச் சொன்னீர்களா, வேறு எதற்காவது சொன்னீர்களா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை.

அந்த மேடையில் நான் வந்து உட்காரப்போவதில்லை. அதற்குச் சொந்தமான பேரும் எனக்கு இனி அந்த ஊரில் தேவைப்படாது. இங்கே என்னைக் கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே யார் பாஞ்சாலி என்று கூப்பிட்டாலும் நீங்கள் திரும்பிப் பாருங்கள். மெஹக் படிப்பு முடியும்வரை, அதற்குப் பிறகும், எத்தனை வருசம் வேண்டுமானாலும்.

இன்று காலை வேலைக்குப் போகும் முன் பச்சை வளையல்களைக் கழற்றினேன். சிவப்பு வளையல் இருக்கும் துணிப்பையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு டஜன்தானே கேட்டேன் என்று இன்னொரு முறையும் எண்ணினேன்.

பதிமூன்று இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து இடத்துக்காரி